6746328388800 என்றொரு பேரழகு

6746328388800. இதை ஒருமுறை நம் வழக்கப்படி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஆறு லட்சத்து எழுபத்துநான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்துமூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். எனக்கோ ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். நான் அறிந்த முழு எண்களில் இத்தனை அழகு ஓரிடத்தில் குவிந்த எண் வேறொன்று இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் சீனிவாச ராமானுஜன் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் கணக்கராக வேலை பார்த்து, 1914 மார்ச்சில் கப்பலேறிய அவருக்கு, 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது இந்த ஆய்வுக்காகத்தான். அதில் ஓர் அட்டவணை உண்டு. 102 எண்கள் வரிசையாக நிற்கின்றன. கணிப்பொறி கிடையாது, அத்தனையும் கையால் போட்ட கணக்கு. அட்டவணையின் கடைசி எண் நம்முடைய 6746328388800. 1927இல் வந்த அவருடைய தொகுப்பு நூலில் அந்த வரியைப் பார்த்ததிலிருந்து என்னால் அதைவிட்டு நகர முடியவில்லை.

அட்டவணையில் இடம்பிடிக்க என்ன தகுதி வேண்டும்? ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்கிறோம். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். 12க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்துகிற எண்ணை உயர் பகு எண் என்போம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை தொடங்குகிறது. ஒவ்வொன்றும் ஒரு புதிய சாதனை. அந்தச் சாதனை வரிசையில்தான் 6746328388800 நிற்கிறது. அதன் காரணிகள் 10080. அதற்கு முந்தைய சாதனை 9216.

இந்த அளவில் 10080 எவ்வளவு பெரிதென்று உணர ஒரு தகவல் போதும். இதன் அக்கம்பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு எண்களைத் தொட்டுக்கொண்டே போனால், ஓர் எண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ 30 காரணிகள்தான் கிடைக்கும். முப்பதுகளுக்கு நடுவே ஒரு பத்தாயிரம்!

கையால் பிரித்துப் பாருங்கள்

இந்த எண்ணோடு பழக ஒரே வழி, ஒரு தாளை எடுத்துப் பிரிப்பதுதான். கணிப்பானைத் தொடாதீர்கள். இரண்டால் வகுத்தால் 3373164194400. மறுபடியும் வகுத்தால் 1686582097200. இங்கேயே முதல் ஆனந்தம் காத்திருக்கிறது: இந்த இரண்டுமே உயர் பகு எண்கள். முதலாவதற்கு 8640 காரணிகள், அடுத்ததற்கு 7200. சாதனை எண்ணைப் பாதியாக்கினால் பழைய சாதனை, அதையும் பாதியாக்கினால் இன்னொரு பழைய சாதனை.

தொடர்ந்து இரண்டால் வகுங்கள். ஆறாவது முறை 105411381075 என்ற ஒற்றைப்படை எண் வந்து நிற்கும். இனி மூன்றால் நான்கு முறை. கையில் இருப்பது 1301375075. ஐந்தால் இரண்டு முறை: 52055003. ஏழால் இரண்டு முறை: 1062347. பதினொன்றால் வகுத்தால் 96577, பதிமூன்றால் 7429, பதினேழால் 437. அந்த 437ஐப் பார்த்ததும் மனம் துள்ளும், ஏனென்றால் அது 19 × 23. ஓர் இலக்கமும் சிந்தாமல், ஒரு மீதியும் இல்லாமல், அத்தனை பெரிய எண்ணும் ஒன்பது சிறிய பகா எண்களாகக் கழன்று வந்துவிட்டது:

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

இந்த அடுக்குகளைக் கவனியுங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. ஏறவே ஏறாத இறங்குவரிசை. உயர் பகு எண் ஒவ்வொன்றும் இப்படித்தான் இருந்தாக வேண்டும். 2ஐவிட 3க்குப் பெரிய அடுக்கு இருந்தால், இரண்டின் அடுக்கையும் இடம் மாற்றிவிடலாம். காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சிறுத்துவிடும். அப்போது பழைய எண் சாதனை எண்ணாக இருக்க முடியாது. இடையில் ஒரு பகா எண்ணைத் தாண்டிப் போகவும் முடியாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகத்தான் இருக்கும் என்றும், அதற்கு 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே விலக்கு என்றும் ராமானுஜன் நிறுவினார். முடிவில்லாமல் நீளும் ஒரு வரிசையில் வெறும் இரண்டே விலக்குகள்!

10080 எங்கிருந்து வந்தது? ஏழு சட்டைகளும் ஐந்து வேட்டிகளும் இருந்தால் 35 விதமாக உடுத்தலாம் அல்லவா? அதே கணக்குத்தான். ஒரு காரணியை உருவாக்க, 2ஐ ஒருமுறையும் சேர்க்காமலிருப்பதிலிருந்து ஆறு முறை சேர்ப்பதுவரை ஏழு வழிகள், 3க்கு ஐந்து, 5க்கும் 7க்கும் மும்மூன்று, மற்ற ஐந்துக்கும் இவ்விரண்டு. 7 × 5 × 3 × 3 × 32 = 10080.

ஒரு வாரம் முழுக்க

இந்த 10080 எனக்கு ஏற்கெனவே தெரிந்த எண். உங்களுக்கும் தெரியும். ஒரு வாரத்துக்கு 10080 நிமிடங்கள்!

பொருத்தம் அத்தோடு நிற்கவில்லை. உள்ளே போகப் போக இன்னும் இனிக்கிறது. நம் எண்ணின் ஒற்றைப்படைக் காரணிகள் மட்டும் எத்தனை என்று பாருங்கள். 2ஐ ஒதுக்கிவிட்டுப் பெருக்கினால் 5 × 3 × 3 × 32 = 1440. ஒரு நாளின் நிமிடங்கள்! ஆகவே இப்படி ஒரு வாரத்தைக் கற்பனை செய்யலாம். திங்கட்கிழமை நள்ளிரவு தொடங்கி, நிமிடத்துக்கு ஒன்றாக ஒற்றைப்படைக் காரணிகளை ஏறுவரிசையில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். முதல் நிமிடம் 1. நாளின் கடைசி நிமிடம் 105411381075. செவ்வாய்க்கிழமை அதே 1440ஐயும் இரட்டித்துச் சொல்ல வேண்டும். புதன் நான்கு மடங்கு, வியாழன் எட்டு, வெள்ளி பதினாறு, சனி முப்பத்திரண்டு, ஞாயிறு அறுபத்துநான்கு. ஞாயிற்றுக்கிழமையின் கடைசி நிமிடத்தில் நாம் சொல்லும் காரணி 6746328388800 தான். ஒரு நிமிடம் மிஞ்சாது, ஒரு காரணி விடுபடாது. இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாமல் தூங்க முடியவில்லை.

தொட்ட இடமெல்லாம்

வகுபடும் தன்மையைச் சோதிக்கப் பள்ளியில் படித்த வித்தைகள் நினைவிருக்கிறதா? இலக்கங்களைக் கூட்டினால் 63. ஆகவே 9ஆல் வகுபடும். அதைவிட அழகான சோதனை ஒன்று உண்டு. வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரியுங்கள்: 6, 746, 328, 388, 800. இனி வலப்பக்கத்திலிருந்து கழித்தும் கூட்டியும் மாறி மாறிச் செல்லுங்கள். 800 − 388 + 328 − 746 + 6. விடை பூச்சியம், அச்சு அசலான பூச்சியம்! 7 × 11 × 13 = 1001 என்பதால், விடை பூச்சியமோ 1001இன் மடங்கோ ஆனால் மூன்று பகா எண்களும் ஒரே வீச்சில் அந்த எண்ணை வகுக்கும். ஒரு வரிக் கணக்கில் மூன்று உண்மைகள்.

1 முதல் 28 வரை எந்த எண்ணைக் கொண்டு வகுத்தாலும் மீதி வராது. 1 முதல் 28 வரையிலான எண்களின் மீச்சிறு பொது மடங்கு 80313433200. அதைப்போல் சரியாக 84 மடங்கு நம் எண். முதல் தடை 29இல்தான். 30 வகுக்கும், 31 வகுக்காது, 32 முதல் 36 வரை மறுபடியும் எல்லாம் வகுக்கும். வகுக்காத அந்த 29, 31 இரண்டும் எங்கே போயின என்று தேடினால், மூன்றே எட்டுத் தள்ளி 6746328388803இல் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன! அந்த எண்ணை 29ம் வகுக்கிறது, 31ம் வகுக்கிறது. இரு பக்கத்திலும் ஒட்டி நிற்கும் 6746328388799, 6746328388801 ஆகிய இரண்டையுமோ 23 வரையிலான எந்தப் பகா எண்ணும் தொட முடியாது.

இனி என் உள்ளம் கவர்ந்த பிரிப்புக்கு வருகிறேன். 2, 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகள் 6, 4, 2, 2. நான்கும் இரட்டைப்படை. அப்படியானால் அந்தப் பகுதி முழுக்க ஒரு வர்க்கம். எதன் வர்க்கம்? 8 × 9 × 5 × 7 = 2520. ஆம், 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச்சிறிய எண்ணான அதே 2520!

6746328388800 = 2520 × 2520 × 1062347

அதாவது, எல்லோருக்கும் பிடித்த 2520 இந்தப் பேரெண்ணுக்குள் இரண்டு முறை இருக்கிறது. கூடவே 11 முதல் 23 வரையிலான ஐந்து பகா எண்களும். 2520ம் ஒரு உயர் பகு எண்தான். அதற்கு 48 காரணிகள். நம் எண்ணின் காரணிகளில் வர்க்க எண்கள் எத்தனை என்று எண்ணினால் அதுவும் சரியாக 48.

வேறு விதமாகவும் பிரித்துப் பார்க்கலாம். ஒன்பது பகா எண்களையும் ஒவ்வொரு முறை பெருக்கினால் 223092870. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 30240. இந்த மிச்சம் சாதாரண எண்ணா? 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் டேகார்ட் கண்டெடுத்த மாணிக்கம் அது. 30240இன் காரணிகளையெல்லாம் கூட்டினால் 120960 வரும்; அது 30240இன் சரியாக 4 மடங்கு. இந்தத் தன்மையுள்ள எண்களில் மிகச்சிறியது இதுதான். ஒரு மேதையின் அட்டவணையில் இருக்கும் எண்ணைத் திறந்தால் உள்ளே இன்னொரு மேதையின் எண் கிடைக்கிறது!

விடுபட்ட ஒன்று

102 எண்கள் கொண்ட ராமானுஜனின் அட்டவணையில், இருந்திருக்க வேண்டிய ஒரே ஓர் எண் மட்டும் விடுபட்டுவிட்டது. அது 293318625600. அத்தனை கோடி எண்களுக்கு நடுவே, துணைக்கு எந்தக் கருவியும் இல்லாமல் சலித்தெடுத்து, ஒன்றே ஒன்று நழுவியிருக்கிறது என்றால், அந்தக் கைகளின் துல்லியத்தை என்னவென்று சொல்ல! அந்த விடுபட்ட எண்ணைப் பிரித்துப் பாருங்கள்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

இந்த அடுக்குகளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே? ஆம், நம் எண்ணிலிருந்து 23ஐ மட்டும் எடுத்துவிட்டால் இதுதான். 293318625600 × 23 = 6746328388800. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண் முழுசாக வந்துவிடுகிறது. தன் இடத்தில் எழுதப்படாத எண், கடைசி எண்ணுக்குள் காரணியாக உட்கார்ந்திருக்கிறது.

விடுபட்ட எண்ணுக்கும் அதற்கே உரிய அழகு உண்டு. அதன் காரணிகள் 5040. தன் கற்பனை நகரில் 5040 குடிமக்கள் இருக்கட்டும், எத்தனை விதமாக வேண்டுமானாலும் பங்கிடலாம் என்று பிளேட்டோ தேர்ந்தெடுத்தாரே, அதே 5040. அதுவும் ஒரு உயர் பகு எண்; அதன் காரணிகள் 60. 60ம் உயர் பகு எண்; அதன் காரணிகள் 12. 12க்கு 6, 6க்கு 4. இத்தனையும் உயர் பகு எண்கள்! 4க்கு 3 காரணிகள் என்னும் இடத்தில்தான் சங்கிலி அறுகிறது. காரணிகளின் எண்ணிக்கைக்கே காரணிகளை எண்ணும் இந்த விளையாட்டை ராமானுஜனும் அதே கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார். அவர் எழுப்பிய அந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்க ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று.

5040 மறுபடியும் வருகிறது

கட்டுரை முழுமையாக அச்சாகவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அன்று லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பணமுடை. செலவைக் குறைக்க ஒரு பகுதியை ராமானுஜன் நிறுத்திவைத்தார். அந்தக் கையெழுத்துப் பக்கங்கள் 1988இல்தான் அவருடைய தொலைந்த குறிப்பேட்டோடு சேர்ந்து வெளிவந்தன. 1997இல் ழான் லூயி நிக்கோலாவும் கீ ரொபேனும் விளக்கக் குறிப்புகளோடு அதைப் பதிப்பித்தார்கள். கணித உலகின் மாபெரும் புதிரான ரீமன் கருதுகோள் உண்மை எனக் கொண்டால், காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு உயரம் போகலாம் என்று அந்தப் பக்கங்களில் ராமானுஜன் ஆராய்ந்திருந்தார்.

இதே ரொபேன், 1984இல் ஒரு தேற்றம் தந்தார். ஓர் எண்ணின் காரணிகளையெல்லாம் கூட்டி, அந்த எண்ணாலேயே வகுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், அந்த எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடியும் இயல் மடக்கை கண்டு, ஏறத்தாழ 1.781ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 5040ஐவிடப் பெரிய எல்லா எண்களுக்கும் முதல் விடை இரண்டாவதைவிடச் சிறியதாக இருந்தால் ரீமன் கருதுகோள் உண்மை; உண்மையானால் அப்படித்தான் இருக்கும். எல்லைக்கல்லாக நிற்பது, பார்த்தீர்களா, அதே 5040.

நம் எண்ணை இந்தச் சோதனையில் நிறுத்தாமல் இருக்க முடியுமா? காரணிகளின் கூட்டுத்தொகை 127 × 121 × 31 × 57 × 12 × 14 × 18 × 20 × 24. பெருக்கினால் 39413832353280. அதை 6746328388800ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5.842. எதிர்ப்பக்க எல்லை ஏறத்தாழ 6.030. தேறிவிட்டது! ஆனால் எவ்வளவு நெருக்கத்தில்! சாதாரண எண்கள் அந்த எல்லையின் பக்கமே வருவதில்லை. காரணிகள் கொழுத்த இத்தகைய எண்கள்தான் அதை உரசிப் பார்க்கின்றன. ரீமன் கருதுகோளை அசைக்க ஓர் எண் எங்காவது இருக்குமானால், அது இப்படிக் காரணிகள் நிறைந்த எண்ணாகத்தான் இருக்க முடியும். நான் தாளில் பென்சிலால் போட்ட பெருக்கல், மனித குலத்தின் மிகப் பெரிய விடைதெரியாக் கேள்வி ஒன்றின் வாசல் வரை என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. இதைவிட வேறென்ன பேறு வேண்டும்?

இத்தனையும் எங்கிருந்து வந்தன என்று யோசிக்க யோசிக்கத்தான் என் வியப்பு கூடுகிறது. வாரத்தின் நிமிடங்கள், பூச்சியத்தில் முடிந்த சோதனை, 2520இன் வர்க்கம், டேகார்ட்டின் எண், விடுபட்ட எண், ரொபேனின் எல்லை, எல்லாமே 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்ற ஒன்பது அடுக்குகளிலிருந்து பிறந்தவை. பதின்மூன்று இலக்கங்களைப் பார்த்து மிரண்டால் எண் மூடியே கிடக்கும். பகாக் காரணிகளாகப் பிரித்தால் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் அது தந்துவிடும். பெரிய எண்கள் பெரிய அறிவாளிகளுக்கு மட்டும் என்று தயவுசெய்து யாரும் நினைக்காதீர்கள். ஏழாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த பிள்ளைக்கு இதன் முக்கால்வாசி இன்பம் அப்படியே கிடைக்கும். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் இன்றே உட்காரவைத்துப் பிரித்துக் காட்டுங்கள்.

காட்டி முடித்ததும் 8995104518400 என்று எழுதிக் கொடுங்கள். ராமானுஜன் அட்டவணையை நிறுத்திய இடத்துக்கு அடுத்து வரும் உயர் பகு எண் அதுதான், காரணிகள் 10368. 2இல் தொடங்கி 23இல் முடியும் அதே ஒன்பது பகா எண்கள்தான் அதிலும் இருக்கின்றன. அடுக்குகள் மட்டும் இரண்டு இடத்தில் மாறியிருக்கும். எந்த இரண்டு, எவ்வளவு மாற்றம் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அந்தத் துள்ளல் உங்கள் பென்சிலின் முனையில் உங்களுக்கே கிடைக்கட்டும்.